ஈரத்துக்கு விலை கொடுக்காதீர்கள்: மரச்சில்லு எரிக்கும் தொழிற்சாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்தில் பாய்லருக்கு மரச்சில்லு (சிறு துண்டுகளாக அரைத்த மரம்) வாங்கும் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கும், சில்லு அரைத்து ஏற்றி வரும் லோரி முதலாளிகளுக்கும்,

வணக்கம்.

நான் பாய்லர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது குடியிருப்பது உங்கள் லோரிகள் போய்வரும் சாலையை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். விறகு, செம்பனைக் கொட்டை ஓடு, எண்ணெய், மரச்சில்லு என்று பலவற்றையும் எரித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச்சில்லை லோரியின் எடையை மட்டும் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள். அதன் ஈரத்தையும் சாம்பலையும் அளந்து, உள்ளே இருக்கும் காய்ந்த மரத்துக்குப் பணம் கொடுங்கள். பெயின்ட் அடித்தது, மருந்து ஏற்றியது, பசை போட்டு ஒட்டிய பலகை, இவை ஒரு கைப்பிடி கண்ணில் பட்டாலும் அந்த லோரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இந்த இரண்டையும் செய்தால் உங்கள் செலவு குறையும், பாய்லர் நீண்ட நாள் உழைக்கும், எங்கள் தாமானுக்கு வரும் புகையும் கரியும் குறையும்.

மரத்தை எரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் அப்படிச் சொல்லவும் மாட்டான். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டது ரப்பர் விறகில்தான். நட்டு 25, 30 ஆண்டுகள் ஆகி, பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்யும்போது, பலகைக்கு ஆகாத கிளையும் நுனியும் மலையாகக் கிடக்கும். அதை வயலிலேயே கொளுத்துவது சட்டப்படி குற்றம். கொளுத்தினால் யாருக்கும் பயனும் இல்லை. அதை அரைத்துப் பாய்லருக்குக் கொண்டு வருவது நல்ல காரியம். எண்ணெயோடு ஒப்பிட்டால் மரத்தில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். 2023-இல் அரசாங்கம் தேசிய உயிர்த்திரள் (பயோமாஸ்) செயல்திட்டத்தை அறிவித்ததும் இப்படி வீணாகப் போகும் பொருளை மனதில் வைத்துத்தான். ஆகவே சண்டை மரத்தோடு இல்லை. மரம் என்ற பெயரில் லோரியில் வேறு என்னென்ன ஏறி வருகிறது என்பதுதான் கேள்வி.

முற்றிலும் காய்ந்த மரத்தை எடுத்துக்கொண்டால் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஹைட்ரஜன் 6 விழுக்காடு. ஆக்சிஜன் 43, 44 விழுக்காடு. மீதிக் கொஞ்சம் நைட்ரஜனும் சாம்பலாக நிற்கும் தாதுக்களும். கந்தகம் 0.05 விழுக்காட்டுக்கும் கீழே. இந்தத் தனிமங்கள் மரத்துக்குள் மூன்று பெரிய பொருள்களாகக் கட்டப்பட்டிருக்கின்றன: செல்லுலோஸ் 40 முதல் 45 விழுக்காடு, ஹெமிசெல்லுலோஸ் கால் பங்கு அல்லது அதற்கு மேல், ரப்பர் மரம் போன்ற அகன்ற இலை மரங்களில் லிக்னின் சுமார் 18 முதல் 25 விழுக்காடு. லிக்னினில் கார்பன் கூடுதல், அதனால் சூடும் கூடுதல். ஆனால் இந்த அளவுகள் மரத்துக்கு மரம் பெரிதாக மாறுவதில்லை. ரப்பர் மரமோ அகாசியாவோ, எலும்பாகக் காய்ந்த ஒரு கிலோ மரம் தரும் நிகர வெப்பம் 18 முதல் 19 மெகாஜூல்தான் (மெகாஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு).

அதனால்தான் "எங்கள் சில்லு நல்ல ஜாதி மரம்" என்று ஒருவர் சொன்னால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜாதி மரம் பலகைக்கு முக்கியம். அடுப்புக்கு முக்கியமானவை மூன்றுதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாம்பல், மனிதன் அதில் என்ன சேர்த்தான்.

தண்ணீரை முதலில் பார்ப்போம். பணம் அதிகம் ஒழுகுவது அங்கேதான்.

அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கலாம். 50 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ சில்லில் மரம் அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோ எரிந்து தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு, மற்ற அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.4 மெகாஜூல் வேண்டும், அது புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது கிலோவுக்கு 8 மெகாஜூல். அதே சில்லு 30 விழுக்காடு ஈரத்தில் வந்தால் 12 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். 20 விழுக்காட்டில் 14-ஐத் தாண்டும்.

இதை லோரிக் கணக்கில் பாருங்கள். 20 டன் பாரத்தோடு எடை மேடையில் ஏறும் லோரியில் சில்லு 50 விழுக்காடு ஈரம் என்றால் 10 டன் தண்ணீருக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதோடு முடியவில்லை. அந்த 10 டன் தண்ணீரை ஆவியாக்க ஆகும் வெப்பம், 30 விழுக்காடு ஈரமுள்ள 2 டன் சில்லு எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். தண்ணீரை விலை கொடுத்து வாங்கி, அதைத் துரத்த மறுபடியும் செலவு செய்கிறோம்.

நீராவிக் கணக்கிலும் சொல்கிறேன், பாய்லர் பொறுப்பாளர்களுக்கு அது இன்னும் தெளிவாக இருக்கும். 80 டிகிரியில் தண்ணீர் ஊட்டி, 10 பார் அழுத்தத்தில் ஒரு டன் நீராவி எடுக்க, பாய்லரின் திறன் 75 விழுக்காடு என்று வைத்தால், 30 விழுக்காடு ஈரச் சில்லு சுமார் 270 கிலோ போதும். 50 விழுக்காடு ஈரமென்றால் 400 கிலோவைத் தாண்டும். உண்மையில் இன்னும் அதிகம் ஆகும், ஏனென்றால் ஈரச் சில்லைப் போட்டால் அந்த 75 விழுக்காடே நிற்காது.

விலைக்கு வருவோம். கணக்குக்காக டன்னுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு ஈரச் சில்லில் ஒரு கிகாஜூல், அதாவது 1000 மெகாஜூல், வெப்பத்துக்கு 12 வெள்ளி 50 காசு ஆகிறது. 30 விழுக்காடு ஈரமென்றால் 8 வெள்ளி 20 காசுதான். அப்படியென்றால் காய்ந்த சில்லுக்கு டன்னுக்கு 150 வெள்ளி கொடுத்தாலும் தொழிற்சாலைக்கு நட்டமில்லை. இன்றோ காய்ந்த சில்லு கொண்டு வருபவருக்கும் நனைந்த சில்லு கொண்டு வருபவருக்கும் ஒரே விலை. இதில் நட்டப்படுபவர் சரக்கைக் காயவைத்துக் கொண்டு வரும் நேர்மையான வியாபாரி. அவர் லோரி ஏற்றுவதற்கு முன் தார்ப்பாய் போட்டு மூடினால் எடை குறைகிறது, பணமும் குறைகிறது. மழையில் திறந்து போட்டவருக்கு எடை கூடுகிறது, பணமும் கூடுகிறது. இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, "சில்லு ஏன் இவ்வளவு ஈரமாக வருகிறது" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. தோட்டத்தில் ரப்பர் பாலை யாராவது வாளி எடைக்கு வாங்கினார்களா? பால் ஸ்டோரில் பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். சரியான கணக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக உருட்டி, காயவைத்து எடை போடுவார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். பணம் காய்ந்த ரப்பருக்குத்தான். பாலில் தண்ணீர் கலந்தால் ஸ்டோரில் பிடிபடும் என்று பால்வெட்டும் அம்மாவுக்கும் தெரியும், மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும். கோப்பையில் தானாக உறைந்த கட்டிப்பாலில் பட்டையும் மண்ணும் இருந்தால் விலை குறைத்தார்கள். நூறு வருடமாக அந்த மரத்தின் பாலைக் காயவைத்து எடை போட்ட வட்டாரம், அதே மரத்தின் கட்டையை மட்டும் ஈரத்தோடு எடை போட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஈரம் பணத்தை மட்டும் தின்பதில்லை. மரம் எரிவது நிலக்கரி எரிவதுபோல இல்லை. காய்ந்த மரத்தின் எடையில் 80 விழுக்காடு போல ஆவியாகக் கிளம்பி, கட்டைக்கு மேலே வாயுவாக எரிகிறது. மீதிதான் கரியாக அடுப்பின் அடித்தட்டில் கனலுகிறது. அந்த வாயு முழுதாக எரிய நல்ல சூடு, போதிய காற்று, கொஞ்ச நேரம், மூன்றும் வேண்டும். நனைந்த சில்லு விழுந்ததும் அடுப்பின் சூடு இறங்குகிறது. வாயு எரிந்து முடியாமலே வெளியே போகிறது. அதுதான் கார்பன் மோனாக்சைடு, தார், கரித்துகள். பாய்லர்மேன் அழுத்தத்தைக் காப்பாற்ற இன்னும் சில்லைத் தள்ளுவான், காற்றைக் கூட்டுவான். காற்று கூடினால் அடுப்பு மேலும் ஆறும், தட்டில் இருக்கும் சாம்பலும் பறக்கும். ஷிப்டில் இந்த நிலையில் மாட்டிக்கொண்டவனுக்கு நல்ல வழி எதுவும் இல்லை. அவனைத் திட்டிப் பயனில்லை, சில்லு வாங்கிய மேசையில்தான் தவறு நடந்திருக்கிறது.

எங்கள் தாமானில் மழைக்காலத்தில் கொடியில் காயப்போட்ட துணியில் கரும்புள்ளி விழுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் அம்மாமார்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலை என்று நான் இங்கே பெயர் சொல்லவில்லை, சொல்வதும் நோக்கமில்லை. ஆனால் புகைபோக்கியில் என்ன நிறம் வருகிறது என்று பார்த்தே அன்றைக்கு எந்த மாதிரி சில்லு வந்தது என்று சொல்லும் அளவுக்கு இந்தக் கண் பழகியிருக்கிறது.

சாம்பல் விஷயம். பட்டை நீக்கிய சுத்தமான மரத்தில் சாம்பல் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குள். பட்டையில் அது 3 முதல் 8 வரை போகலாம், இலையும் குச்சியும் சேர்ந்தால் கூடும். ஆனால் நம் வட்டாரத்தில் சாம்பலை ஏற்றுவது மரத்தைவிட மண்தான். புல்டோசர் வேரோடு தள்ளி, இழுத்து, மண்ணோடு அரைத்த சில்லை நான் கையில் பிசைந்து பார்த்திருக்கிறேன், விரலில் மணல் நெருடும். 20 டன் லோரி, 30 விழுக்காடு ஈரம், அப்படியென்றால் காய்ந்த மரம் 14 டன். சாம்பல் 1 விழுக்காடு என்றால் 140 கிலோ. 6 விழுக்காடு என்றால் 840 கிலோ. அந்த 840 கிலோவையும் யாரோ ஒருவன் அள்ள வேண்டும், ஏற்ற வேண்டும், எங்கோ கொட்ட வேண்டும். மணல் குழாயைத் தேய்க்கும், காற்றாடியைத் தேய்க்கும்.

சாம்பலின் அளவைவிட அதில் என்ன இருக்கிறது என்பது சில நேரம் முக்கியம். சுத்தமான மரச்சாம்பலில் கால்சியம்தான் பெரும்பங்கு, அது எளிதில் உருகாது. பொட்டாசியமும் சிலிக்காவும் கூடினால் குறைந்த சூட்டிலேயே உருகித் தட்டில் கல்லாக உறையும். கடப்பாரை கொண்டு உடைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. விலை குறைவு என்று சிலர் செம்பனை வெறுங்குலையை, அதாவது பழம் உதிர்த்த பின் மிஞ்சும் குலையை, அரைத்துச் சில்லோடு கலக்கிறார்கள். வெறுங்குலையில் பொட்டாசியம் அதிகம், குளோரினும் உண்டு. இரண்டும் சேர்ந்து உப்பாக ஆவியாகி, ஆறும் இடத்தில் குழாய் மேல் படிந்து அரிக்கும். வெறுங்குலை கெட்ட பொருள் என்பதல்ல, அந்தப் பொட்டாசியம் திரும்ப மண்ணுக்குப் போனால் செம்பனைக்கு உரம். மரச்சில்லுக்காகக் கட்டிய அடுப்பில் அதைச் சொல்லாமல் கலப்பதுதான் தவறு.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்டால் சீக்கிரமே நீலக்கறை பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அதனால் மேசை நாற்காலிக்குப் போகும் ரப்பர் பலகைக்குள் போரான் மருந்தை, அதாவது போராக்ஸ், போரிக் அமிலம் போன்றவற்றை, அழுத்தம் கொடுத்து ஏற்றுகிறார்கள். அப்புறம்தான் சூளையில் காயவைக்கிறார்கள். அந்த முறை வந்த பிறகுதான் ரப்பர் மரம் விறகு நிலையிலிருந்து ஏற்றுமதிச் சரக்கு நிலைக்கு உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டறைகளின் வெட்டுத்துண்டும் நமது சில்லு லோரியில் ஏறுகிறது. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள்: மிக நன்றாகக் காய்ந்த ரப்பர் துண்டுதான் பெரும்பாலும் மருந்து ஏறிய துண்டு. ஈரத்தை மட்டும் அளந்தால் அது முதல் தரம் என்று காட்டும். அதனால்தான் ஈரச் சோதனை மட்டும் போதாது, துண்டு எங்கிருந்து வந்தது என்ற எழுத்தும் கூடவே வேண்டும் என்கிறேன். போரான் சாம்பலைச் சீக்கிரம் உருக வைக்கும். சாம்பலில் தங்கும் போரான் அளவு மீறினால் செடிக்கு நஞ்சு.

போரானைவிட மோசமானவை உண்டு. வெளியில் நிற்கும் மரத்துக்கு, கம்பம், வேலிக்கால் போன்றவற்றுக்கு, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. வெட்டிப் பார்த்தால் பச்சைச் சாயல் தெரியும், பழையதானால் அதுவும் மங்கிவிடும். அதை எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும். மீதியும் செம்பும் குரோமியமும் சாம்பலில் செறிந்து நிற்கும். இடித்த வீட்டுப் பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம். ஒட்டுப்பலகை, துகள்பலகை இவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. சுத்தமான மரத்தில் நைட்ரஜன் அரை விழுக்காட்டுக்கும் கீழே, பசைப் பலகையில் அது பல மடங்கு. எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். பலகை ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிவிசி பிளாஸ்டிக் பட்டையில் குளோரின். குழாயை அரிக்கும் அமிலமும், சூடு சரியில்லாத அடுப்பில் டையாக்சின் என்ற கடும் நஞ்சு உருவாகும் வாய்ப்பும் அதோடு வருகின்றன. ஒரு முறை அரைத்துவிட்டால் இவை எல்லாம் ஒரே நிறத் தூளாகத் தெரியும். அதனால் அரைக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

நம் ஊரில் பாய்லர் சாம்பலை மூட்டை கட்டி எடுத்துப்போய்க் கீரைப் பாத்தியிலும் வாழைக்கும் போடும் வழக்கம் இருக்கிறது. நிர்வாகமும் நல்ல மனதோடு இலவசமாகக் கொடுக்கிறது. சுத்தமான மரச்சாம்பல் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். சுண்ணாம்புபோலக் காரத்தன்மை உள்ளது, நம் புளித்த மண்ணுக்கு நல்லது, பொட்டாசியமும் கிடைக்கும். ஆனால் சில்லில் என்ன கலந்தது என்று தெரியாதபோது சாம்பலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 100 டன் மரத்தில் பரவியிருந்த ஆர்சனிக்கில் புகையோடு போகாமல் தங்கியது ஒன்றிரண்டு டன் சாம்பலில் குவிகிறது. அந்தச் சாம்பலில் வளர்ந்த முருங்கைக் கீரையைப் பிள்ளைக்குக் கடைந்து கொடுக்கிறோம். இதை நினைத்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். சாம்பலை ஆய்வகத்தில் பார்த்து, கன உலோகம் இல்லை என்று எழுத்தில் வரும்வரை, தயவுசெய்து ஒரு மூட்டையும் வெளியே கொடுக்காதீர்கள்.

குவித்து வைப்பதைப் பற்றியும் கொஞ்சம். ஈரச் சில்லைப் பெருங்குவியலாகப் போட்டால் பாக்டீரியாவும் பூஞ்சணமும் உள்ளே வேலை செய்து, குவியலின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும். அது எரிபொருளைத் தின்று உண்டாகும் சூடு, மாதம் ஒன்றிரண்டு விழுக்காடு காய்ந்த மரமே மறைந்துவிடக்கூடும். கவனிக்காமல் விட்டால் தானாகத் தீப்பிடிக்கவும் செய்யும். பூஞ்சண வித்து நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் அள்ள விடாதீர்கள். மூடிய கிடங்குக்குள் சில்லு ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் மோனாக்சைடையும் விடும். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரையும் தனியாக, வாயு அளக்காமல் உள்ளே இறங்க விடாதீர்கள். அங்கே இறங்குபவர்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேச, நேப்பாளத் தம்பிகள். அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசலில் எழுதி வையுங்கள்.

சில்லின் அளவைப் பற்றி நீட்டவில்லை. ஒரே அளவாக இருக்க வேண்டும், நீண்ட சிராய், சில்லை அடுப்புக்குத் தள்ளும் திருகு ஊட்டியை அடைக்கும், 3 மில்லிமீட்டருக்குக் கீழான தூள் அதிகமானால் பறந்து எரியும். அரவை இயந்திரத்தின் கத்தியைக் கூர்மையாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆணி பிடிக்கக் காந்தம் போடுங்கள்.

சரி, எப்படி அளப்பது? பெரிய செலவு ஒன்றும் இல்லை. லோரியின் மேல்பகுதியில் மட்டும் அள்ளக்கூடாது, மேலே மழை, கீழே தூள். கொட்டும்போது பல இடங்களிலிருந்து அள்ளி, ஒன்றாகக் கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மறுபடியும் கலக்க வேண்டும். கடைசியில் வரும் மாதிரியில் அரைக் கிலோ போல எடுத்து எடை போட்டு, 105 டிகிரி சூட்டு அடுப்பில் (oven) எடை மாறாமல் நிற்கும்வரை காயவைக்க வேண்டும். பொதுவாக ஓர் இரவும் பகலும் ஆகும். குறைந்த எடைதான் தண்ணீர். அதை முதல் எடையால் வகுத்தால் ஈர விழுக்காடு. காய்ந்த எடையால் வகுத்துவிடாதீர்கள், மரப்பட்டறைக்காரர்கள் அப்படித்தான் வகுப்பார்கள். நாம் 50 என்பதை அவர்கள் 100 என்பார்கள். ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு என்று தெளிவாக எழுதாவிட்டால் இதிலேயே சண்டை வரும். லோரி அதுவரை காத்திருக்க வேண்டாம். எடை மேடைச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சோதனை முடிந்ததும் பணத்தைக் கணக்கிடலாம். மாதிரியில் பாதியை முத்திரையிட்டு வியாபாரியிடம் கொடுத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சாம்பலுக்கு 550 டிகிரி உலை வேண்டும், அது எல்லாரிடமும் இருக்காது. வியாபாரிக்கு மாதம் ஒரு மாதிரி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். அதிலேயே குளோரின், நைட்ரஜன், கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லலாம். எந்த அளவை வைத்து மதிப்பிடுவது என்று புதிதாக யோசிக்கவும் தேவையில்லை. திட உயிர்த்திரள் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 17225 என்ற அனைத்துலகத் தர நிர்ணயத்தின் 4-ஆம் பகுதி மரச்சில்லுக்கே எழுதப்பட்டது. அதில் ஏ1 வகுப்புக்குச் சாம்பல் 1 விழுக்காட்டுக்குள், ஏ2-க்கு 1.5, பி வகுப்புகளுக்கு 3. பி வகுப்பில் குளோரின் 0.05 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆர்சனிக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, குரோமியம், செம்பு, ஈயம் ஒவ்வொன்றும் 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பெரிய தொழிற்சாலைகளுக்கென்று 2021-இல் 9-ஆம் பகுதியும் வந்திருக்கிறது. உங்கள் பாய்லருக்கு எது பொருந்தும் என்று உங்கள் பொறியாளர் சொல்லட்டும். ஆனால் ஏதாவது ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

லோரி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. இதனால் உங்கள் பிழைப்பு கெடும் என்று பயப்படாதீர்கள். ஈரத்துக்கு ஏற்ற விலை வந்தால், வெட்டிய மரத்தை அரைப்பதற்கு முன் சில வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைப்பதற்கும், கூரை போடுவதற்கும் நீங்கள் செய்யும் செலவு திரும்ப வரும். இங்கே ஜனவரி, பிப்ரவரி வெயில் வீணாகப் போகிறது. அந்த மாதங்களில் அடுக்கி வைத்துக் காயவைத்த கட்டைக்கு யாரும் ஒரு காசு கூடுதலாகத் தந்ததில்லை என்பதுதான் உங்கள் குறை. அந்தக் குறை நியாயமானது. அதை நிர்வாகம் தீர்க்க வேண்டும். எந்தத் தோட்டம், எந்தப் பட்டறை, மருந்து ஏற்றியதா இல்லையா என்று ஒவ்வொரு லோரிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது உங்கள் பங்கு.

நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது, வரும் மழைக்காலம் தொடங்குவதற்குள் குறைந்தது ஒரு தொழிற்சாலையாவது இதைத் தொடங்கிக் காட்ட வேண்டும் என்று. மூன்று மாதத்துக்கு எல்லா லோரியிலும் ஈரத்தை அளந்து எழுதுங்கள், விலையை மாற்றக்கூட வேண்டாம். அந்த எண்களை உங்கள் கணக்குப் பிரிவிடம் கொடுத்து, ஒரு டன் நீராவிக்கு என்ன செலவு ஆனது என்று கேளுங்கள். மாதிரி எடுக்கவும் பிரிக்கவும் உங்கள் வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம். சாம்பல் சோதனையின் முடிவை மட்டும் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாத்தி போட்டிருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு மூட்டை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர்மேன்,
பாடாங் செராய், கெடா